துண்டில் பட்ட சீட்டு

ஜோக்கர் துண்டின் மேல் விழுகிறது, படம் மேலே தெரிய, கூம்புத் தொப்பி போட்ட அந்தக் கோமாளி என்னைப் பார்த்துச் சிரிக்கிறான், முழங்கால்களின் மேல் விரித்த பச்சைக் கரைத் துண்டு வண்டியின் ஓட்டத்துக்கு அதிர்கிறது, அதோடு சேர்ந்து அவனும் தலையை ஆட்டுகிறான், திருவள்ளூர் தாண்டிவிட்டதா இல்லையா, அதுதான் எனக்குப் பிடிபட மாட்டேன் என்கிறது, ஜன்னலுக்கு வெளியே ஏரி தெரிந்த மாதிரி இருக்கிறது, ஏரி என்றால் தாண்டியிருக்க வேண்டும், ஆனால் அது மழைக்காலம், எல்லாப் பள்ளமும் ஏரியாகத்தான் தெரிந்தது, எதிரே பக்தவச்சலம் உட்கார்ந்திருக்கிறார், சீட்டைப் போட்ட கை இன்னும் துண்டின் மேலேயே கிடக்கிறது, யாராவது ஜோக்கரைப் போடுவார்களா, ரம்மி ஆடத் தெரிந்த சின்னக் குழந்தைகூடப் போடாது, எந்தச் சீட்டு நம்மிடம் இல்லையோ அந்தச் சீட்டாக நின்று காப்பாற்றுகிற சீட்டு அது, கைக்கு வந்தால் மடியில் முடிந்துகொள்வோம், இருபது வருடமாக அரக்கோணத்திலிருந்து சென்ட்ரல் வரை என்னோடு தினமும் ஆடுகிற மனிதர் அதைத் தூக்கிப் போடுகிறார், போட்டுவிட்டு என்னைப் பார்க்கிறார், உதட்டின் ஒரு ஓரம் கீழே இழுத்திருக்கிறது, சிரிக்கிறார் என்று நினைக்கிறேன், நினைத்தேன், இப்போதும் சில நாள் அப்படித்தான் நினைக்கிறேன்.

நாங்கள் நான்கு பேர், ஏழு பத்து வண்டியில் இன்ஜினிலிருந்து நாலாவது பெட்டி, ஜன்னலோரம் எதிரெதிராக இரண்டு இரண்டு பேர், பக்தவச்சலம், எபினேசர், கஜேந்திரன், நான், சீசன் டிக்கெட்காரர்களின் இடம் என்று அந்த மூலையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள், ஆயுத பூஜைக்கு அந்தப் பெட்டிக்கு வாழைக்கன்று கட்டிப் பொரிகடலை கொடுப்பதும் நாங்கள்தான், உட்கார்ந்ததும் துண்டை விரிப்போம், கஜேந்திரன் கட்டைக் கலைத்துப் போடுவான், ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, பணம் கிடையாது, அது முதல் நாளே பேசிக்கொண்டது, சீட்டைப் பார்த்துச் சரியில்லை என்று பட்டால் ஒரு சீட்டுகூட எடுக்காமல் அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டு ஸ்கூட் என்று சொல்லி ஒதுங்கிக்கொள்ளலாம், இருபது பாயிண்டோடு போகும், ஆடித் தோற்றால் எண்பதுவரை ஏறிவிடும், இருநூற்றைம்பதைத் தொட்டவன் அவுட், வாரத்தில் அதிகத் தடவை அவுட் ஆனவன் சனிக்கிழமை அந்தத் துண்டை வீட்டுக்கு எடுத்துப் போய்த் துவைத்துக்கொண்டு வர வேண்டும், அவ்வளவுதான் பந்தயம், அந்தத் துண்டை எபினேசர் வீட்டில் துவைத்திருக்கிறார்கள், கஜேந்திரன் வீட்டில் துவைத்திருக்கிறார்கள், பக்தவச்சலம் வீட்டில் வேதவல்லியம்மா துவைத்துத் துவைத்தே அதன் கரை வெளுத்துப்போனது, என் மனைவி மட்டும் இருபது வருடத்தில் அந்தத் துண்டைக் கண்ணால் பார்த்ததில்லை. நான் தோற்கவே மாட்டேன், பெரிதாக ஜெயிக்கவும் மாட்டேன், நான் ஸ்கூட் அடிக்கிறவன்.

ஏழு கைக்கு ஒரு கைதான் ஆடுவேன், மற்ற ஆறையும் கவிழ்த்து வைப்பேன், பார்க்கிறவர்களுக்கு அது பயம் மாதிரி தெரியும், பயமில்லை, பயந்தவனால் அத்தனை நேரம் சும்மா உட்கார முடியாது, கை துறுதுறுவென்று இருக்கும், ஒரு தடவை போய்த்தான் பார்ப்போமே என்று மனசு நச்சரிக்கும், ராஜா ராணி எல்லாம் ஒரே நிறத்தில் வந்து நிற்கும், இன்னும் ஒரே ஒரு சீட்டு வந்தால் போதும் என்று ஆசை காட்டும், அந்த ஒரே ஒரு சீட்டுதான் ஆளைக் கவிழ்ப்பது, எடுத்த எடுப்பிலேயே வரிசையாக மூன்று சீட்டு நின்று ஒரு ரம்மி சேர்ந்திருக்க வேண்டும், இன்னொன்று பாதியாவது நிற்க வேண்டும், இல்லையென்றால் ஸ்கூட், கவிழ்த்த கையைத் திரும்ப எடுத்துப் பார்க்கக் கூடாது, கட்டில் அடுத்து என்ன வந்தது, போயிருந்தால் நமக்கு வந்திருக்குமா என்று கணக்குப் போடக் கூடாது, அது செத்த சீட்டு, இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை, பிறவியிலேயே அப்படித்தான், அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிற வேலை, நாள் முழுக்க அடுத்தவர் எழுத்தில் ஒரு புள்ளி எங்கே தவறியிருக்கிறது என்று காத்திருந்து பிடிக்கிற பிழைப்பு, ஐந்து பெண்களைப் பார்த்துவிட்டு ஆறாவதாகத்தான் இவளைக் கட்டினேன், நீங்க தாலி கட்டற நேரத்துலயே ஒரு நிமிஷம் யோசிச்சீங்க, நான் பாத்துட்டேன் என்று இவள் இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள், யோசித்தேனா, யோசித்திருப்பேன், திருநின்றவூரில் மனை வாங்கலாம் என்று பக்தவச்சலம் கையைப் பிடித்து இழுத்தபோது அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றேன், அடுத்த வருஷமும் அதையே சொன்னேன், அவர் வாங்கி விற்றுவிட்டார், எனக்கு வருத்தமில்லை, வருத்தப்படுகிறவன் ஸ்கூட் அடிக்கக் கூடாது.

சும்மா இருக்கிறவனுக்கு இன்னொரு வசதி உண்டு, அவன் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், நான் பார்த்தேன், இருபது வருடம் பார்த்தேன், எபினேசர் ஒரு சீட்டுக்குக் காத்திருந்தால் காது மடலைத் தடவுவார், கஜேந்திரன் கை மோசமென்றால் சீட்டை அடுக்கிக்கொண்டே இருப்பான், பக்தவச்சலத்தைப் பார்க்கவே வேண்டாம், கேட்டால் போதும், வாய் மூடாத மனிதர், பக்கத்து வீட்டு நாய் குட்டி போட்டதிலிருந்து ஆபீசில் நாற்காலி உடைந்ததுவரை சொல்லிக்கொண்டேதான் ஆடுவார், என்னா சாமி, தியானத்துல உக்காந்துட்டியா, இந்த ஜென்மத்துல ஒரு சீட்டு எடுப்பியா, இல்ல அதுக்கும் நல்ல நாள் பாக்கணுமா என்று என்னைச் சீண்டுவார், எனக்கு ஸ்கூட் சாமி என்று பேர் வைத்ததே அவர்தான், அவர் ஸ்கூட்டே அடிக்க மாட்டார், பதின்மூன்றும் பதின்மூன்று திசையில் நின்றாலும் வா பாத்துக்கலாம் என்று முதல் சீட்டை எடுத்துவிடுவார், வாரம் தவறாமல் துண்டை எடுத்துப் போவார், அவர் பேச்சை நிறுத்தினால் கை நல்ல கை, இது நான் கண்டுபிடித்தது, இருபது வருடத்தில் ஒரு தடவைகூடப் பொய்த்ததில்லை, அன்றைக்கும் அவர் பேச்சை நிறுத்தினார்.

அன்றைக்கு என் கையைச் சொல்ல வேண்டும், சொல்லாமல் எதுவும் புரியாது, ஐப்பசி பிறந்ததிலிருந்து மூன்று வாரமாக எனக்குக் குப்பையாகவே வந்துகொண்டிருந்தது, நானும் பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்து கவிழ்த்துக்கொண்டே இருந்தேன், அன்றைக்குச் சீட்டை விரித்துப் பார்க்கிறேன், இரண்டு ரம்மி, எடுத்த எடுப்பிலேயே இரண்டு, மூன்றாவதுக்கு ஆர்ட்டின் ஒன்பது வந்தால் முடிந்தது, முகத்தை வழக்கம்போலக் கல்லாக வைத்துக்கொண்டு கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன், நான் சீட்டு எடுத்ததைப் பார்த்ததுமே எபினேசர் ஸ்கூட் என்றார், கஜேந்திரன், ஐயோ சாமி ஆட எறங்கிடுச்சு, நான் வரல என்று கவிழ்த்துவிட்டு ஃபோன் பேசக் கதவுப் பக்கம் போய்விட்டான், ஸ்கூட் அடிக்கிறவனுக்கு இதுதான் சாபம், நல்ல கை வந்து ஆட உட்கார்ந்தால் எதிரே ஆள் இருக்காது, எபினேசர் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார், மிச்சம் இருந்தது பக்தவச்சலம் மட்டும், அவர்தான் ஓட மாட்டாரே, அதனால் அந்தக் கையில் நாங்கள் இரண்டு பேர்தான், பார்த்தவன் நான் ஒருவன்தான், இதை எத்தனை தடவை எனக்கு நானே சொல்லிப் பார்த்துவிட்டேன்.

ஒரு சுற்று போனது, இரண்டு சுற்று போனது, நாய்க்குட்டிகளைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தவர் நடுவில் நிறுத்தினார், நாலு குட்டி, அதுல ஒண்ணு, என்றார், அதற்கு மேல் வரவில்லை, சரி, கை கூடிவிட்டது என்று நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன், அப்போதுதான் ஜோக்கர் விழுந்தது, விழுந்ததா போட்டாரா, விரல்கள் நழுவ விட்ட மாதிரியும் இருக்கிறது, வேண்டுமென்றே என் முன்னால் வைத்த மாதிரியும் இருக்கிறது, நான் அந்த நேரத்தைக் குலுக்கிக் குலுக்கிப் பார்க்கிறேன், ஒவ்வொரு தடவையும் வேறு வரிசையில் வருகிறது, சில நாள் ஜோக்கர் விழுந்த பிறகு அவர் பேச்சை நிறுத்துகிறார், சில நாள் பேசிக்கொண்டே போடுகிறார், இது மட்டும் எல்லா வரிசையிலும் வருகிறது, அவருடைய கை மெல்ல நகர்ந்து அந்த ஜோக்கர் மேல் போய் நின்றது, திரும்ப எடுத்துக்கொள்ளப் பார்த்த மாதிரி, நான் சொன்னேன், துண்டுல பட்டது பட்டதுதான் பக்தா, எடுக்கக் கூடாது, அதுதான் எங்கள் சட்டம், போட்ட ஜோக்கரைப் போட்டவரும் எடுக்க முடியாது, அடுத்தவரும் எடுக்க முடியாது, அவர் ஏதோ சொன்னார், வார்த்தையாக இல்லை, வாய்க்குள் வெற்றிலை இருப்பதுபோல, நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டேன், நடிக்கிறார், ஜோக்கரையே தூக்கிப் போடுகிற அளவுக்குக் கை நிறைந்துவிட்டது என்று காட்டி என்னைப் பயமுறுத்தப் பார்க்கிறார், நான் நடுவில் விட்டுவிட்டு ஓடினால் எனக்கு நாற்பது ஏறும், இருபது வருடமாகச் சீண்டிய மனிதர் கடைசியில் என்னை மாதிரியே ஆடக் கற்றுக்கொண்டுவிட்டார் என்று எனக்கு ஒரு சந்தோஷம்கூட வந்தது. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே காறித் துப்பலாம் போல இருக்கிறது.

நான் என் சீட்டை எடுத்தேன், வேண்டாததைப் போட்டேன், அவருடைய முறை, அவர் எடுக்க வெகுநேரம் ஆனது, எடுத்தார், போட வெகுநேரம் ஆனது, போட்டார், மறுபடி என் முறை, மறுபடி அவர் முறை, இழுத்தடிக்கிறார், இழுத்தடிக்கட்டும், காத்திருப்பதில் என்னை யாரும் ஜெயிக்க முடியாது என்று உட்கார்ந்திருந்தேன், ஆவடியில் வண்டி நின்றது, நிறையப் பேர் ஏறினார்கள், ஒரு பூக்கார அம்மா கூடையை எங்கள் காலருகில் இறக்கி வைத்தாள், மல்லிகை வாசனை வந்தது, கொஞ்சம் நவுந்துக்கோ சாமி என்றாள், பக்தவச்சலம் நகரவில்லை, நான் நகர்ந்தேன், வண்டி கிளம்பியது, அவர் தலையைத் தொங்கப் போட்டுச் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன், அம்பத்தூர் போனது, வில்லிவாக்கம் போனது, சீக்கிரம் போடுங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால்கூடத் தெரிந்திருக்கும், அவசரப்படுத்துவது என் ஆட்டத்தில் கிடையாது, பெரம்பூருக்கு முன்னால் அவர் கையிலிருந்த சீட்டெல்லாம் பொலபொலவென்று சரிந்தன, அவரும் அப்படியே பக்கவாட்டில் பூக்கூடை மேல் சரிந்தார், பூக்கார அம்மாதான் முதலில் கத்தினாள், எபினேசர் விழித்துக்கொண்டு தண்ணி தண்ணி என்றார், கஜேந்திரன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்து தோளில் தாங்கினான், நான் என்ன செய்தேன், நான் குனிந்து பார்த்தேன், துண்டில் சிதறிக் கிடந்த அவர் சீட்டுகளில் ஆர்ட்டின் ஒன்பது இருந்தது, அந்த நேரத்திலும் என் கண் அதைத்தான் தேடிப் பிடித்தது, அட, இங்கே இருந்திருக்கிறது, அதனால்தான் எனக்கு வரவில்லை என்று ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, மனது சமாதானம் ஆனது, யாரிடம் இதைச் சொல்ல முடியும்.

பெரம்பூரிலேயே இறக்கிக் கொண்டுபோன ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சருக்குப் பின்னாலேயே ஓடினோம், சின்ன வயது டாக்டர், என் பெண் வயதுதான் இருக்கும், கூட வந்தது யாரு, இது எப்ப ஆரம்பிச்சுது, கரெக்டா டைம் சொல்லுங்க, பேச்சுக் குழறுனது, கை வராம போனது, முதல்ல எப்ப பாத்தீங்க என்று கேட்டாள், எபினேசர் நான் தூங்கிட்டேன் டாக்டர் என்றார், கஜேந்திரன் நான் கதவுகிட்ட இருந்தேன் என்றான், இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள், நான் மனதுக்குள் பதின்மூன்று சீட்டையும் ஒரு பார்வை பார்த்தேன், பெரம்பூர்கிட்ட டாக்டர், எட்டரை இருக்கும், அதுவரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு என்றேன், அவ்வளவுதான், கவிழ்த்து வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டேன், டாக்டர் எழுதிக்கொண்டு உள்ளே போனாள், சுவரில் ஒரு படம் ஒட்டியிருந்தது, வாய் கோணினால், கை தொங்கினால், பேச்சுக் குழறினால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில், மெய்ப்புப் பார்க்கிறவன் கண், நிமிடம் என்பதில் ஒரு புள்ளி குறைந்திருந்ததைக் கவனித்தது, அதையும் கவனித்தது.

வேதவல்லியம்மா மத்தியானம் அரக்கோணத்திலிருந்து வந்து சேர்ந்தார், டாக்டர் அவரிடம், சீக்கிரமா கொண்டு வந்துட்டாங்கம்மா, அதனால ஊசி போட முடிஞ்சுது, இல்லேன்னா கஷ்டம், இன்னும் கொஞ்சம் முன்னாடின்னா இன்னும் நல்லாருந்திருக்கும், ஆனா அது யார் கையிலயும் இல்ல என்று சொன்னாளாம், அந்த அம்மா வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார், நீங்க இருந்ததாலதான் அண்ணா, வேற யாராவது இருந்திருந்தா தூங்கறாருன்னு விட்டிருப்பாங்க, உங்களுக்குக் கண்ணு கூர்மைன்னு இவரு எப்பவும் சொல்வாரு, எனக்கு உடம்பெல்லாம் கூசியது, அப்போதே சொல்லியிருக்கலாம், எதைச் சொல்வது, பார்த்தேனா இல்லையா என்பதே எனக்கு நிச்சயமில்லையே, பார்த்தேன், ஆனால் அதுவென்று பார்க்கவில்லை, அது வேறு எதுவோ என்று பார்த்தேன், அப்படிப் பார்த்தது பார்த்ததாகுமா, வீட்டுக்குத் திரும்பும்போது என் பைக்குள் கை விட்டால் துண்டு இருந்தது, யார் வைத்தார்கள் என்று தெரியவில்லை, தண்ணீர் பட்டு, மல்லிகை நசுங்கிக் கறை பிடித்து, இருபது வருடத்தில் முதல் தடவையாக அது என் வீட்டுக்கு வந்தது. என்ன துண்டு இது என்று இவள் கேட்டாள், நானே துவைத்தேன்.

அவருக்கு வலது கை வரவில்லை, பேச்சும் வரவில்லை, ம் என்பார், ம்ஹும் என்பார், வாய் மூடாத மனிதருக்கு அந்த இரண்டுதான் மிச்சம், மாசி மாதம் வேதவல்லியம்மா ஃபோன் செய்தார், அண்ணா, இடது கைக்குப் பழக்கம் குடுக்கணுமாம், சீட்டு ஆடினா நல்லதுன்னு பயிற்சி குடுக்கறவரு சொல்றாரு, ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் வந்து ஆடுவீங்களா, இவருக்கு உங்களைப் பாத்தா முகம் தெளிவாகுது, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, போனேன், துண்டையும் எடுத்துப் போனேன், ஃப்ரிட்ஜ் வந்த பெட்டியின் தெர்மாகோலில் அந்த அம்மா கத்தியால் நீளமாகக் கீறல் போட்டு வைத்திருந்தார், அதில் சீட்டுகளைச் செருகி நிறுத்திக்கொண்டு இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் போடுவார் பக்தவச்சலம், நான் எதிரே உட்கார்ந்து ஸ்கூட் ஸ்கூட் என்று சொல்லிக்கொண்டிருப்பேன், வேறு எப்படி ஆடுவது என்று எனக்குத் தெரியாது, அவர் மூக்கால் சிரிப்பார், பத்து மணிக்குத் தோசை வரும், சாப்பிடுங்கண்ணா, இன்னொண்ணு போட்டுக்கோங்க, உங்க கையாலதான் இவரு உயிர் நின்னுச்சு, ஒவ்வொரு ஞாயிறும் அந்த வார்த்தை, ஒவ்வொரு ஞாயிறும் அந்தத் தோசை, அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று எழுந்து வருவேன், இன்றைக்கு அந்த அம்மாவுக்குத் தலைவலி, இன்றைக்குப் பையன் வந்திருக்கிறான், இன்றைக்கு இவர் முகம் நன்றாக இருக்கிறது, ஏன் கெடுப்பானேன், நல்ல கை வரட்டும், சொல்வதற்கும் ஒரு நல்ல கை வர வேண்டாமா, பங்குனியும் போனது, சித்திரையும் போனது.

சில சமயம் காலை வண்டியில் கண் அசந்துவிடுகிறது, இப்போது அந்த மூலையில் யாரும் ஆடுவதில்லை, எபினேசர் ஜன்னலைப் பார்க்கிறார், கஜேந்திரன் ஃபோனைப் பார்க்கிறான், என் கண்ணுக்குள் துண்டு விரிகிறது, ஜோக்கர் விழுகிறது, கோமாளியின் வாய் ஒரு பக்கம் தொங்குகிறது, வண்டி எந்த ஸ்டேஷனிலும் நிற்காமல் போகிறது, நான் பூக்கார அம்மாவிடம் கேட்கிறேன், இது புட்லூரா செவ்வாப்பேட்டையா, அவள் நவுந்துக்கோ சாமி என்கிறாள், நான் நகர்கிறேன், நகர்ந்துகொண்டே இருக்கிறேன், பெஞ்சு முடியவே மாட்டேன் என்கிறது, விழித்தால் ஆவடி, இறங்கிவிடலாமா என்று கால் எழுகிறது, எதற்கு இறங்க வேண்டும், யாரோடு இறங்க வேண்டும், ரெண்டு நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை, போன ஞாயிறுதானா, ஆமாம், வெயில் காலையிலேயே ஏறிவிட்டது, ஃபேன் காற்றில் சீட்டு பறக்கிறது என்று வேதவல்லியம்மா துண்டின் நாலு மூலையிலும் நாலு டம்ளரை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார், நான் சீட்டைக் கலைத்துப் போட்டேன், விரித்துப் பார்த்தேன், இரண்டு ரம்மி, ஐப்பசிக்குப் பிறகு அப்படி ஒரு கை வரவேயில்லை, ஸ்கூட் சொல்லாமல் கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுத்தேன், பக்தவச்சலம் என்னை நிமிர்ந்து பார்த்தார், புருவம் உயர்ந்தது, பிறகு அவர் முறை, எடுத்தார், செருகினார், ஒன்றை எடுத்துப் போட்டார், என் முறை, அவர் முறை, தெருக்கோடிக் கோயில் ஸ்பீக்கரில் ஓடிக்கொண்டிருந்த பாட்டு நின்றது, அவர் மூக்கால் விடுகிற அந்தச் சிரிப்பும் நின்றது, தெர்மாகோல் மேல் அவர் இடது கை போய்த் தயங்கியது, இந்தச் சீட்டுக்கும் அந்தச் சீட்டுக்குமாக நகர்ந்தது, ஒரு சீட்டை உருவியது, துண்டின் மேல் வைத்தது, படம் மேலே தெரிய, கூம்புத் தொப்பி, ஜோக்கர்.

நான் யோசிக்கவில்லை, என் வாழ்க்கையில் அது ஒன்றுதான் நான் யோசிக்காமல் செய்தது, கையிலிருந்த சீட்டையெல்லாம் விசிறி எறிந்தேன், டம்ளர் உருண்டது, அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரிங்க பக்தா, சிரிங்க, எங்க சிரிங்க பாப்போம் என்று கத்தினேன், கையத் தூக்குங்க, இந்தக் கைய, தூக்குங்கன்னா, வேதாம்மா, வேதாம்மா, ஆட்டோ கூப்பிடுங்க, மறுபடி வந்துடுச்சு, அன்னிக்கும் இப்படித்தான், திருவள்ளூர் தாண்டினதும் இப்படித்தான் ஜோக்கரைப் போட்டாரு, பேச்சு வரல, வாய் கோணிச்சு, நான்தான் பாத்துக்கிட்டே இருந்துட்டேன், இன்னிக்கு விடக்கூடாது, சீக்கிரம் வாங்க, என் குரல் எனக்கே யாரோ கத்துவதுபோல இருந்தது, அந்த அம்மா தோசைத் திருப்பியோடு ஓடிவந்தார், பக்தவச்சலம் தன் இடது கையை உயரத் தூக்கினார், நன்றாக, நேராக, அப்புறம் என் கையை முகத்திலிருந்து விலக்கிவிட்டு, தெர்மாகோலை என் பக்கமாகத் திருப்பி வைத்தார், பதின்மூன்று சீட்டும் சேர்ந்திருந்தன, மூன்று ரம்மி, ஒரு செட், ஒரு குறையில்லை, ஜோக்கர் அவருக்கு மிச்சம், ஆட்டத்தை முடித்திருக்கிறார், முடிக்கிறவர் கடைசிச் சீட்டைக் கவிழ்த்துத்தான் போட வேண்டும், அவர் நிமிர்த்திப் போட்டார், இடது கைப் பழக்கத்தில் அப்படி விழுந்ததா, நான் பார்க்கட்டும் என்றே போட்டாரா, எனக்குத் தெரியவில்லை, அவர் கண்ணைப் பார்த்தேன், இருபது வருடம் படித்த முகம், ஒன்றும் படிக்க முடியவில்லை.

திருவள்ளூரா, என்றார் வேதவல்லியம்மா. அடுப்பில் தோசை தீய்கிற வாசனை வந்தது, அவர் அசையவில்லை. பெரம்பூர்னுதானே சொன்னீங்க. நடுவுல ஆவடியில வண்டி நிக்குமில்ல, நின்னுச்சா, என்று கேட்டார், கோபமாகக் கேட்கவில்லை, வழி கேட்கிறவர்கள் கேட்பதுபோலக் கேட்டார், நின்னுச்சும்மா, ரெண்டு நிமிஷம் நின்னுச்சு, என்றேன். அவர் உள்ளே போனார், அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது, நான் எழுந்து போய்விடலாம், செருப்பு வாசலில்தான் இருக்கிறது, உட்கார்ந்தே இருந்தேன், பக்தவச்சலம் சிதறின என் சீட்டுகளை ஒவ்வொன்றாக இடது கையால் பொறுக்கி ஒழுங்கு செய்துகொண்டிருந்தார், ஜோக்கரை மட்டும் அவர் தொடவில்லை, நானும் தொடவில்லை, துண்டில் பட்டது பட்டதுதான்.

அந்த அம்மா திரும்பி வந்தார், முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து துண்டின் மூன்றாவது பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார், இத்தனை ஞாயிற்றுக்கிழமையில் ஒருநாளும் அங்கே உட்கார்ந்ததில்லை, எங்கள் சட்டம் அவருக்குத் தெரியாது, ஜோக்கரைக் கையில் எடுத்தார், திருப்பிப் பார்த்தார், இதுதானா, என்றார், ஆமா என்றேன், மொதல்லேர்ந்து சொல்லுங்க, என்றார், அண்ணா என்று சொல்லவில்லை, ஒண்ணு விடாம சொல்லுங்க, இவருக்கும் தெரியட்டும். பக்தவச்சலம் ம் என்றார். வரிசைகள் எல்லாம் என் தலைக்குள் வந்து நின்றன, ஏரி தெரிந்த வரிசை, தெரியாத வரிசை, பேசிக்கொண்டே போட்ட வரிசை, அவற்றையெல்லாம் நான்தான் இத்தனை நாள் கலைத்துக்கொண்டிருந்தேன், கலைக்காத ஒரு வரிசை அடியில் எப்போதும் இருந்தது, ஜோக்கர் விழுந்ததும் நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், சென்ட்ரல் வருவதற்குள் இந்தக் கை முடிந்துவிடுமா என்று பார்த்தேன், எனக்கு மணி தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும். ஜோக்கர் துண்டு மேல விழுந்துதும்மா, என்று ஆரம்பித்தேன், வண்டி புட்லூரைத் தாண்டிக்கிட்டிருந்துது, மணி ஏழு ஐம்பத்தஞ்சு.